எந்த மெட்டீரியலுக்கு எந்த க்ளூ? மூணு தடவை பிச்சுக்கிட்டு வந்ததுக்கு அப்புறம் எழுதுறேன்

ட்ரில்லிங் மெஷின் பக்கத்துல மாட்ட ஒரு பிளாஸ்டிக் ட்ரே, அதுக்குப் பின்னாடி ஒரு அலுமினிய ப்ராக்கெட் ஒட்டணும், அவ்ளோதான் வேலை. நல்ல ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி வாங்கி, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன். மறுநாள் ட்ரேல நாலு ட்ரில் பிட் வச்சதும் டப்புனு கழண்டு விழுந்துச்சு. ரெண்டாவது தடவை இன்னும் சொரசொரப்பா தேய்ச்சேன், மூணாவது தடவை வேற கம்பெனி எபாக்ஸி. அதுவும் போச்சு.

மூணாவது தடவை கழண்டப்போதான் உடைஞ்ச இடத்த வெளிச்சத்துல பிடிச்சு உத்துப் பாத்தேன். எபாக்ஸி மொத்தமும் ப்ராக்கெட் பக்கமே ஒட்டிக்கிட்டு இருக்கு, பிளாஸ்டிக் பக்கம் ஒரு பொட்டு கூட இல்ல. எபாக்ஸியோட அடிப்பக்கத்துல நான் பிளாஸ்டிக்ல போட்ட உப்புத்தாள் கீறல் ஒவ்வொண்ணும் அச்சு எடுத்த மாதிரி அப்படியே பதிஞ்சு இருந்துச்சு. அதாவது க்ளூ கீறலுக்குள்ள நல்லா இறங்கியிருக்கு, கெட்டியாவும் ஆயிருக்கு, ஆனா பிளாஸ்டிக்க பிடிக்கவே இல்ல. அப்போ தப்பு க்ளூவோட பலத்துல இல்ல, எந்த மேற்பரப்புக்கு எதப் போடணும்னு நான் பாக்காம விட்டதுல. டப்பால "இத்தன கிலோ தாங்கும்"னு போட்டிருக்குறத பாத்து வாங்குறத இதோட விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க.

படி 1: ஒட்டப்போற பொருள் என்னனு முதல்ல கண்டுபிடிங்க

இரும்பு, அலுமினியம், கண்ணாடி, மரம் எல்லாம் பாத்தாலே தெரியும். மாட்டிக்கிறது பிளாஸ்டிக்லதான். அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், அதப் பாருங்க. 2-ம் 4-ம் பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன், 7-னா "மத்தது"னு அர்த்தம், அதுல எது வேணா இருக்கலாம். 2, 4, 5 இந்த மூணும்தான் வில்லன். என் ட்ரேல 5-னு போட்டிருந்துச்சு, மூணு தடவை ஒட்டி முடிக்கிற வரைக்கும் அத திருப்பியே பாக்கல.

நம்பர் இல்லனா ஓரத்துல ஒரு சின்ன துண்டு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணில போட்டு அமுக்கி விடுங்க. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணிய விட லேசு, அதனால மேல வந்து மிதக்கும். ஏபிஎஸ், நைலான், பாலிகார்பனேட், பிவிசி எல்லாம் முங்கிடும். சோப்பு எதுக்குன்னா, காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டு முங்க வேண்டியத மிதக்க வச்சு ஏமாத்தக்கூடாது. நுரை மாதிரி இருக்குற ஸ்பான்ஜ் வகைக்கு இந்த டெஸ்ட் செல்லாது.

2, 4, 5 இந்த மூணுல ஏன் ஒட்ட மாட்டேங்குதுன்னா சர்ஃபேஸ் எனர்ஜினு ஒண்ணு இருக்கு. ஒரு திரவம் ஒரு மேற்பரப்புல பரவணும்னா திரவம் தன்னையே இழுத்துப் பிடிச்சுக்கிற விசைய விட மேற்பரப்பு அத இழுக்குறது ஜாஸ்தியா இருக்கணும். தண்ணிக்கு அந்த அளவு கிட்டத்தட்ட 72 டைன் (இத அளக்குற அலகு, முழுசா சொன்னா டைன்/செ.மீ). பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் ரெண்டும் 30 டைன் பக்கம்தான், டெஃப்லான் 20-க்கும் கீழ. ஏபிஎஸ், பாலிகார்பனேட் எல்லாம் 40 பக்கம் வரும். எபாக்ஸிக்கு 30 டைன் பத்தாது, சேப்பங்கிழங்கு இலை மேல தண்ணி நிக்கிற மாதிரி நிக்கும், பரவி உள்ள பிடிக்காது. நீங்க எவ்ளோ கீறல் போட்டாலும் அந்தக் கீறலும் அதே பிளாஸ்டிக்தானே.

படி 2: எந்தப் பக்கம் இழுக்கப் போகுதுனு யோசிங்க

ஒட்டுன ரெண்டு தகடும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கப் பாக்குற மாதிரி விசை வந்தா க்ளூ ரொம்ப நல்லா தாங்கும், மொத்தப் பரப்பும் சேந்து வேலை செய்யும். ஓரத்துல இருந்து உரிக்கிற மாதிரி வந்தா எந்த க்ளூவும் கஷ்டப்படும், ஏன்னா ஒரு நேரத்துல ஒரு கோடு அளவு க்ளூதான் மொத்த பாரத்தையும் சுமக்குது. காயத்துல போட்ட பிளாஸ்டர ஓரத்துல பிடிச்சு உரிச்சா வந்துடும், அப்படியே பக்கவாட்டுல இழுத்தா நகராது, அதே கதைதான். என் ப்ராக்கெட்ல பாரம் மேல் ஓரத்த உரிக்கிற மாதிரி இருந்துச்சு. கடைசில ப்ராக்கெட்டோட மேல் நுனிய மடக்கி ட்ரே விளிம்புல கொக்கி மாதிரி மாட்டின பிறகுதான் அந்த விசை போச்சு. க்ளூ மாத்துறதுக்கு முன்னாடி டிசைன மாத்த முடியுமானு பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும்.

இன்னொண்ணு, சூட்டுல ரெண்டு பொருளும் ஒரே அளவு விரியாது. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடு ஏறினா 0.9 மி.மீ விரியும், கண்ணாடி 0.4 மி.மீ கூட விரியாது. அந்த வித்தியாசத்த எல்லாம் நடுவுல இருக்குற க்ளூதான் தாங்கணும். நீளமான வேலைக்கு ரப்பர் மாதிரி வளையுற சிலிகான், பாலியூரிதேன் இல்ல தடிமனான டபுள் சைட் ஃபோம் டேப் போடுங்க, கண்ணாடி மாதிரி விறைக்கிற எபாக்ஸி வேணாம்.

படி 3: க்ளூவ தேர்ந்தெடுக்குறது

உலோகத்தோட உலோகம்னா எபாக்ஸிதான், யோசிக்கவே வேணாம். 5 நிமிஷ எபாக்ஸி எனக்கு பிடிக்காது, அவசரத்துக்கு ஓகே. ஆனா மெதுவா இறுகுற வகைதான் பலத்துலயும் தண்ணி, சூடு தாங்குறதுலயும் மேல. சாதாரண எபாக்ஸி 60-80 டிகிரி தாண்டினா இளக ஆரம்பிக்கும், இன்ஜின் பக்கம்லாம் அதுக்குன்னே வர்ற ஹை டெம்பரேச்சர் வகைதான் வாங்கணும்.

போல்ட் நட்டு லூஸ் ஆகாம இருக்கணும்னா திரெட்லாக்கர். அது காத்து படாம, உலோகத்த தொட்டா மட்டும்தான் இறுகும், அதான் பாட்டில்ல பாதி காலியா காத்தோடவே விக்குறாங்க. நீலம்னா ஸ்பேனர்ல கழட்டிடலாம், சிவப்புனா சூடு பண்ணாம வராது. பாலிகார்பனேட், ஏபிஎஸ் மேல அது பட விடாதீங்க, டைட் பண்ணின இடத்துல பிளாஸ்டிக் வெடிப்பு விட்டுடும்.

சூப்பர் க்ளூ, அதாவது சயனோஅக்ரிலேட், காத்துலயும் மேற்பரப்புலயும் இருக்குற ஈரத்துலதான் இறுகுது. ரப்பருக்கும், சின்னதா நெருக்கமா பொருந்துற துண்டுக்கும் இத அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா இடைவெளி இருந்தா ரொப்பாது, தட்டினா உடையும், கண்ணாடில போட்டா கொஞ்ச மாசத்துல கழண்டுடும். நிறைய ஊத்துனா பலமா இருக்கும்னு நினைக்காதீங்க, ஒரு சொட்டு மெல்லிசா பரவுறதுதான் பலம். காட்டன் துணில கொட்டிடாதீங்க, சூடு கிளம்பி கைய சுட்டுடும்.

அக்ரிலிக், பிவிசி மாதிரி பிளாஸ்டிக்குக்கு சால்வென்ட் சிமென்ட் போடுங்க, ரெண்டு பக்கமும் கரைஞ்சு ஒண்ணா சேந்துடும். மரத்துக்கு சாதாரண வெள்ளை மரப்பசை போதும், நல்லா கிளாம்ப் போட்டு ஒட்டினா, பின்னாடி பிச்சுப் பாத்தாலும் மரம்தான் உடையும், ஒட்டு உடையாது. சிலிகான் ரப்பர்ல சிலிகான் தவிர வேற எதுவும் ஒட்டாது. ரெக்ஸின், லேமினேட் ஷீட் மாதிரி பெரிய பரப்புக்கு கான்டாக்ட் சிமென்ட்: ரெண்டு பக்கமும் தடவி, விரல் வச்சா ஒட்டாத அளவுக்கு காயவிட்டு சேக்கணும். சேத்துட்டா ஒரு மி.மீ கூட நகத்த முடியாது, அதனால நடுவுல குச்சி வச்சு பொருத்திட்டு ஒவ்வொண்ணா உருவுங்க.

இப்ப அந்த வில்லனுங்க. பாலிபுரொப்பிலீனுக்கும் பாலிஎத்திலீனுக்கும் மூணு வழி இருக்கு. ஒண்ணு, சூப்பர் க்ளூவோட வர்ற பாலியோலிஃபின் பிரைமர் (இந்த ரெண்டு பிளாஸ்டிக்குக்கும் சேத்து பாலியோலிஃபின்னு பேரு; பிரைமர்னா க்ளூவுக்கு முன்னாடி தடவுறது), பிளாஸ்டிக் பக்கம் மட்டும் மெல்லிசா தடவி காயவிட்டு ஒட்டுறது, சின்ன வேலைக்கு சரி. ரெண்டு, பாலியோலிஃபினுக்குனே எழுதியிருக்குற ரெண்டு பாக அக்ரிலிக் க்ளூ, வாடை அடிக்கும், தீப்பிடிக்கக் கூடியது, ஜன்னல திறந்து வச்சுக்குங்க. என் ட்ரேக்கு கடைசில பிடிச்சது இதுதான். மூணு, நீல நெருப்போட நுனிய மேற்பரப்பு மேல சட்டுனு ஓட்டி எடுக்குறது, உருகக்கூடாது, நிறம் மாறக்கூடாது. மேல் அடுக்கு ஆக்ஸிஜனோட சேந்து சர்ஃபேஸ் எனர்ஜி ஏறும், அப்புறம் எபாக்ஸியும் பிடிக்கும். நெருப்பு காட்டின உடனே ஒட்டிடணும், நேரம் ஆக ஆக அந்த குணம் குறைஞ்சுடும். இது மூணும் முடியலனா ஸ்க்ரூ போடுங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல.

படி 4: மேற்பரப்ப தயார் பண்றது (இத தாண்டிப் போகாதீங்க)

ரொம்ப நாளா நான் தலைகீழா பண்ணிட்டு இருந்தது இது. முதல்ல தேய்ச்சுட்டு அப்புறம் துடைப்பேன். வரிசை இப்படி இருக்கணும்: துடை, தேய், மறுபடி துடை. எண்ணெய் இருக்குற உலோகத்த அப்படியே தேய்ச்சா உப்புத்தாள் அந்த எண்ணெய கீறலுக்குள்ள அழுத்தி ஏத்திடும், அப்புறம் எவ்ளோ துடைச்சாலும் முழுசா வராது.

துடைக்கிறதுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் என் சாய்ஸ். அசிட்டோன் உலோகத்துக்கு இன்னும் நல்லது, ஆனா ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் மேல பட்டா கெடுத்துடும். ரெண்டு துணி வச்சுக்குங்க. ஒண்ணுல நனைச்சு துடைங்க, காயறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணியால எடுங்க. ஒரே துணில துடைச்சு காயவிட்டா அழுக்கு கரைஞ்சு மறுபடி அதே இடத்துலயே உக்காந்துக்கும். துணி அழுக்கானா மாத்துங்க. தேய்க்க 120 நம்பர் உப்புத்தாள், ஒரே திசைல இல்லாம வட்டமா. பெயின்ட் அடிச்சிருந்தா சுரண்டிடுங்க, இல்லனா நீங்க ஒட்டுறது பெயின்ட்டோடதான், அது உரிஞ்சா எல்லாம் உரியும்.

உலோகத்துலயும் கண்ணாடிலயும் சுத்தம் ஆச்சானு பாக்க ஒரு வழி இருக்கு. சுத்தமான தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. ஒரே படலமா பரவி நின்னா சுத்தம். எங்கயாவது படலம் கிழிஞ்சு சொட்டு சொட்டா திரண்டா அந்த இடத்துல எண்ணெய் இருக்கு. நான் முதல் தடவை இத பாத்தப்போ என் கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு ஓட்டை தண்ணிப் படலத்துல அப்படியே தெரிஞ்சுச்சு, துடைச்சுட்டு தூக்கி வச்சப்போ பட்ட விரல். அதுல இருந்து க்ளவுஸ் போடாம தொடுறதில்ல. அப்புறம் நல்லா காயவிடுங்க. அலுமினியம் தேய்ச்சா அன்னைக்கே ஒட்டிடுங்க, இரும்ப இன்னும் சீக்கிரம்.

படி 5: கலக்குறது, ஒட்டுறது

எபாக்ஸியோட ரெண்டு பாகம், ரெசினும் அத இறுக வைக்குற ஹார்டனரும், சொன்ன விகிதத்துலதான் சேக்கணும். ஹார்டனர் கூட ஊத்துனா சீக்கிரம் இறுகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு, ஜோடி கிடைக்காத ஹார்டனர் உள்ளயே நின்னு க்ளூ கொழகொழனு இருக்கும். 1-க்கு 1-னா அது கன அளவா எடையானு பேப்பர்ல பாருங்க, ரெண்டும் வேற. கப்போட சுவர், அடி எல்லாத்தையும் வழிச்சு நல்லா கலக்குங்க. கலந்ததும் ஒரு தட்டுல பரப்பி வச்சா வேலை செய்ய நேரம் கூட கிடைக்கும், கப்புலயே குவிஞ்சு கிடந்தா சூடு ஏறி சட்டுனு இறுகிடும், நிறைய இருந்தா புகையே வரும். ஹார்டனர் தோல்ல பட்டு பட்டு சிலருக்கு தீராத அலர்ஜி ஆயிருக்கு, நைட்ரைல் க்ளவுஸ் போடுங்க ப்ளீஸ்.

கிளாம்ப்ப பலம் கொண்ட மட்டும் இறுக்காதீங்க. எபாக்ஸிக்கு நடுவுல 0.1 மி.மீ மாதிரியாவது படலம் நிக்கணும், எல்லாம் பிதுங்கி வெளிய வந்துட்டா ஒட்டுறதுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. நான் எலெக்ட்ரிக் ஒயர்ல இருந்து மெல்லிசு செம்புக் கம்பி ரெண்டு உருவி நடுவுல வச்சுடுவேன், அது தடிமன பாத்துக்கும். 5 நிமிஷம்னு எழுதியிருந்தா அது க்ளூ இறுக ஆரம்பிக்கிற நேரம்தான், பாரம் ஏத்த 24 மணி நேரம் விடுங்க. குளிர் நாள்னா இன்னும் கூட.

அப்டேட் 1: கமெண்ட்ல ஒருத்தர் பாலியோலிஃபின் பிரைமர் தடவிட்டு மேல எபாக்ஸி போட்டு கழண்டுடுச்சுனு எழுதியிருந்தார். மேல நான் தெளிவா சொல்லல, மன்னிக்கணும். அந்த பிரைமர் சூப்பர் க்ளூக்கு மட்டும்தான், எபாக்ஸிக்கு வேலை செய்யாது.

அப்டேட் 2: தண்ணி டெஸ்ட்ட பிளாஸ்டிக்ல பண்ணிட்டு "எவ்ளோ துடைச்சும் தண்ணி பரவவே மாட்டேங்குது"னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. பிளாஸ்டிக்ல அப்படித்தான் இருக்கும், சுத்தமா இருந்தாலும் 72 டைன் தண்ணி அதுல பரவாது. பிளாஸ்டிக்குக்கு டைன் பேனானு விக்குறாங்க, ஒவ்வொரு பேனாலயும் ஒரு டைன் நம்பர் போட்டிருக்கும், அதுல ஒரு கோடு போட்டுப் பாக்கலாம், கோடு கோடாவே நின்னா ஓகே, முத்து முத்தா திரண்டா அந்த நம்பர் அளவுக்கு சர்ஃபேஸ் எனர்ஜி இல்லனு அர்த்தம். நெருப்பு காட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டுப் பாருங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்டேட் 3: சர்க்யூட் போர்டுல ஒயர் ஆடாம இருக்க சிலிகான் போடலாமானு கேட்டவருக்கு: போடலாம், ஆனா வினிகர் வாடை அடிக்கிற வகை வேணாம். இறுகும்போது அசிட்டிக் ஆசிட் வெளிவிடும், செம்பு பச்சை பூத்துடும். எலெக்ட்ரானிக்ஸுக்குனு நியூட்ரல் க்யூர் சிலிகான் (இறுகும்போது ஆசிட் வெளிவிடாத வகை) தனியா இருக்கு, அத வாங்குங்க.