கோழிக்குப் பேனா, செள்ளா? வீட்டுக் கோழிகளுக்கு வைத்தியம் செய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். சென்ற மழைக்காலத்தில் அவற்றுள் ஒரு பெட்டை 16 நாள் அடைகாத்த பிறகு முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டது. கூடைக்குள் கைவைத்துப் பார்த்தேன். சில நொடிகளில், மிளகுத்தூளைத் தூவியதுபோன்ற பொடிப் புள்ளிகள் விரலிடுக்கிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி ஏறத் தொடங்கின. பேன் என்று முடிவுகட்டி, கோழிக்கு மட்டும் மருந்துத் தூள் தடவி, அதே கூடையில் திரும்பவும் உட்காரவைத்தேன். பத்து நாளில் அதன் கொண்டை வெளுத்துப்போனது. என் வீட்டுக் கோழியிடம் இருந்தது பேன் அல்ல, செள்ளு. அது குடியிருந்தது கோழியைவிடக் கூடையில்தான் அதிகம்.

ஆகவே மருந்தைத் தேடிப் போவதற்கு முன்பு எது என்று பிரித்தறிய வேண்டும். பேன் ஆறு கால் கொண்ட பூச்சி. வைக்கோல் நிறத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இறகையும் தோலிலிருந்து உதிரும் செதிலையும் கடித்துத் தின்னும். பிறப்பு முதல் இறப்பு வரை கோழியின் உடம்பிலேயே வாழும். கீழே விழுந்தால் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே அரிது. செள்ளு, வளர்ந்த நிலையில் எட்டுக் கால் கொண்டது; உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு; குடிப்பது இரத்தம். அதிலும் இரண்டு வகை நமக்கு முக்கியம். சிவப்புச் செள்ளு பகல் முழுவதும் பலகை இடுக்கிலும் ஆணித் துளையிலும் ஒளிந்திருந்து, கோழி அடைந்த பிறகு ஏறிக் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். வெப்பமண்டல நாடுகளுக்கே உரிய கோழிச்செள்ளோ கோழியின் மீதும் கூட்டிலுமாக வாழ்ந்து, அடைக்கூடையில் பெருகும். குளிர்காலம் என்பதே இல்லாத நம் ஊரில் இவை ஆண்டு முழுவதும் பெருகுகின்றன. முட்டையிலிருந்து அடுத்த முட்டையிடும் பருவத்தை எட்ட ஏறக்குறைய ஒரு வாரமே போதும் என்பதால், திங்கட்கிழமை பத்தாக இருந்தது அடுத்த வாரம் கூடை நிறைந்து வழிவதில் வியப்பில்லை.

சோதிக்கும் முறை எளிது. மாலை மங்கிய பிறகு கோழியை மடியில் வைத்துக்கொண்டு, எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகுகளை வேகமாகப் பிரித்து டார்ச் லைட்டைக் காட்டுங்கள். வெளிச்சம் பட்டதும் பேன்கள் தோலின்மேல் சிதறி ஓடும். இறகின் அடித்தண்டில், அரிசிமாவைக் குழைத்து அப்பியதுபோல் வெள்ளைக் கட்டி இருந்தால் அது பேனின் ஈர். அந்தக் கட்டி இல்லாமல், இறகடி கருமை படிந்து, உங்கள் கை நமைக்கத் தொடங்கினால் செள்ளு. சிவப்புச் செள்ளை இரவில்தான் பிடிக்க முடியும். ஒன்பது மணிக்குமேல், கோழிகள் அமர்ந்திருக்கும் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் குங்குமக் கோடுபோல் இரத்தக் கறை விழுந்தால் ஐயமில்லை. கொண்டை வெளுப்பதும், முட்டை குறைவதும், சாயங்காலம் கொட்டகைக்குள் போக மறுத்துக் கோழிகள் மரத்தில் ஏறுவதும் இதன் அடையாளங்களே. கொட்டகையில் அடைய மறுக்கும் கோழியைக் கம்பெடுத்து விரட்டுகிறோம். உள்ளே இரவு முழுவதும் அது படும் பாடு நமக்குத் தெரிவதில்லை.

பேன் என்று உறுதியானால் வேலை கோழியின் உடம்பில்தான். கோழிகளுக்கென்றே விற்கப்படும் பெர்மெத்ரின் தூளை வாங்கி, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, எச்சத் துவாரம், இறக்கையடி, வாலடி, கழுத்து ஆகிய இடங்களில் தோல்வரை படுமாறு விரலால் தேய்த்துவிடுங்கள். முகத்தில் படக் கூடாது. ஈரை எந்தத் தூளும் முழுமையாகக் கொல்லாது. அது 4 முதல் 7 நாளில் பொரிக்கும். ஆகையால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டாம் முறையும், தேவையானால் மூன்றாம் முறையும் தடவியே ஆக வேண்டும். வைத்தியம் தோற்பதற்கு மருந்தைவிட இந்த இரண்டாம் தவணையை மறப்பதே பெரும்பாலும் காரணம் என்பது என் அனுபவம். முதல் நாள் தடவிய கையோடு சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். கூட்டத்தில் ஒரே ஒரு கோழிக்கு மட்டும் பேன் மிக அதிகமாக இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நோயுற்ற கோழியும் அலகு சிதைந்த கோழியும் தம் இறகைக் கோதிக்கொள்ள முடியாததால்தான் பேன் அவற்றில் குவிகிறது. அங்கே பேன் நோயின் காரணம் அல்ல, விளைவு.

செள்ளு என்றால் கோழிக்கும் கொட்டகைக்கும் ஒரே நாளில் வைத்தியம் நடக்க வேண்டும். வெயில் நாளாகப் பார்த்து, காலையிலேயே கோழிகளை வெளியேற்றி, கூடை, கட்டை, முட்டையிடும் பெட்டி அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். பழைய வைக்கோலையும் மரத்தூளையும் கொளுத்தத் தோன்றும். திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை உள்ளதால், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாள் வேகவிட்டு அப்புறப்படுத்துவது நல்லது. பலகைகளைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரால் தேய்த்து, கொதிக்கும் நீரை இடுக்குகளில் நிதானமாக ஊற்றுங்கள். தெளித்துவிட்டு நகர்ந்தால் பயனில்லை. காய்ந்த பிறகு, கொட்டகைக்கு ஏற்றது என்று சீட்டில் குறிப்பிட்ட மருந்தை அடித்து, ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் சுண்ணாம்புக் குழம்பால் அடைத்துவிடலாம். மூங்கில் கட்டை வைத்திருப்பவர்கள் அதை மாற்றிவிடுவது உத்தமம். அதன் உட்குழி செள்ளுக்குக் கட்டிக்கொடுத்த லயன் வீடு. வழவழப்பாக இழைத்த மரக்கட்டையைச் சுவரில் படாமல் நான்கு கால்களின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் சோப்பு நீரோ எண்ணெயோ நிரம்பிய டப்பாவுக்குள் வையுங்கள். எறும்பு ஏறாமலிருக்க அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்களே, அதே உத்திதான். கொட்டகையைத் துப்புரவு செய்வதையும் 7 நாள் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும்.

காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்திருந்தால் அது செதிலுக்கு அடியில் குடையும் வேறொரு செள்ளு. காலை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மென்மையாகத் தேய்த்து, துடைத்த பின் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ தடித்துப் பூசுங்கள். செதிலைப் பிய்க்கக் கூடாது, இரத்தம் வரும். வாரம் இரண்டு முறை வீதம் பல வாரம் தொடர்ந்தால்தான் புதிய செதில் சீராக வளரும்.

இனி, செய்யக் கூடாதவற்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைப்பர்மெத்ரினில் மிச்சத்தைப் போத்தலில் கொண்டுவந்து கோழிக்குத் தெளிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதன் செறிவும் கலப்பு எண்ணெயும் பயிருக்கானவை, உயிருக்கானவை அல்ல. பூனைக்கும் நாய்க்கும் பிடரியில் விடும் சொட்டுமருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். முட்டையிடும் கோழிக்கு அது ஆகவே ஆகாது. 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பண்ணைகளில் சிவப்புச் செள்ளுக்குத் தெளித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பெர்மெத்ரினும் கோழிக்குத்தான் ஏற்றது. பூனைக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு என்பதால், தூள் தடவிய இடத்தில் பூனை படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகையிலை ஊறிய நீரையும் சீத்தாப்பழ விதைத் தூளையும் பெரியவர்கள் பரிந்துரைப்பார்கள். முன்னது கோழியையே கொல்லக்கூடிய நஞ்சு. பின்னது கண்ணில் பட்டால், கோழியின் கண்ணானாலும் உங்கள் கண்ணானாலும், கருவிழியைப் புண்ணாக்கும். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்க வேண்டாம். கடையில் கேட்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு: மலாயில் பேனுக்குச் சொல்லும் ‘குத்து’ என்ற சொல்லையே பலர் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவார்கள், செள்ளுக்கு ‘ஹாமா’ என்று கேளுங்கள், சீட்டையும் படித்துப் பாருங்கள்.

அதே சீட்டில், மருந்திட்ட பிறகு எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது என்று குறித்திருக்கும். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் இருந்தால், படையல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தக் கெடு முடியும்படி முன்கூட்டியே மருந்திட்டுவிடுங்கள். சேவலைப் படைத்த பிறகு குடும்பத்தோடு உண்ணப்போவது நாம்தானே.

குஞ்சுகளுக்குத் தூள் வேண்டாம். தலையில் பேன் இருந்தால் உச்சியில் ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தொட்டுவைப்பது போதும். உடம்பெல்லாம் பூசினால் குளிரில் நடுங்கிச் செத்துப்போகும்.

கோழி தானே செய்துகொள்ளும் வைத்தியம் மண்குளியல். மழைபடாத இடத்தில் அகன்ற தொட்டி ஒன்றில் உலர்ந்த மணலும் மண்ணும் நிரப்பி, சலித்த விறகுச் சாம்பலைக் கொஞ்சம் கலந்துவையுங்கள். மழைக்காலத்தில் மண் நனைந்து கோழி புரள இடமில்லாமல் போவதால்தான் அப்போது தொல்லை கூடுகிறது. மணலில் சிறிதளவு கந்தகத் தூள் சேர்த்தால் செள்ளுக்கு நன்றாகக் கேட்கும். பால்மரத்து இலைகளில் சாம்பல் நோய்க்குத் தூவிய அதே மஞ்சள் தூள்தான், ஆனால் கண்ணையும் மூச்சையும் உறுத்தும் என்பதால் அளவோடு. வேப்பிலையை அடைக்கூடையில் பரப்புவது நல்ல பழக்கமே. செள்ளு வருவதைத் தடுக்க அது ஓரளவு உதவும். வந்து பெருகியதை ஒழிக்காது.

தகரக் கூரையின் இடுக்கில் மைனா கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். குஞ்சு பறந்த பிறகு, கைவிடப்பட்ட கூட்டிலிருந்து செள்ளு கீழே கொட்டகைக்கு இறங்கும். காலிக் கூட்டை அகற்றிவிட்டு இடுக்கை வலையால் அடைத்துவிட வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியையும் உறவினர் கொடுத்த சேவலையும் 3 வாரம் தனியே கட்டிவைத்து, சோதித்த பிறகே கூட்டத்தில் சேர்க்கவும்.

வேலை முடிந்த அன்று உங்கள் உடம்பும் நமைக்கும். செள்ளு மனிதனைக் கடிக்குமே தவிர நம் உடம்பில் குடியேறாது. குளித்து, உடுத்தியிருந்த துணியைச் சுடுநீரில் துவைத்தால் அடங்கிவிடும். இரண்டு முறை மருந்திட்டும் கொண்டை வெளுத்தே இருந்தாலோ, கோழி நிற்க முடியாமல் சாய்ந்தாலோ, மாவட்டக் கால்நடை இலாகாவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

முதன்முதலில் மருந்திட்டதிலிருந்து 21-ஆம் நாள் இரவு அதே வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டையின் அடியை மறுபடியும் துடைத்துப் பாருங்கள். என் வீட்டில் இரண்டாம் சுற்றுக்குப் பிறகும் துணியின் ஓரத்தில் ஒரு சிறு சிவப்புக் கீற்று இருந்தது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. அதன் பிறகே அந்தப் பெட்டையை, புதுக் கூடையில், மறுபடி அடைவைத்தேன்.