டைனோசருக்கு வர்க்கி: ஊட்டிப் பந்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு விருந்துக்கு ஆள் கூப்பிடும்போதே நடந்துவிடுகிறது. நீள்கழுத்தரான பிராக்கியோசரஸையும் டி. ரெக்ஸையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். முன்னவர் காலம் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். பின்னவர் காலம் 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். டி. ரெக்ஸ் வந்து சேர்வதற்குள், பிராக்கியோசரஸுக்கு எடுத்து வைத்த வர்க்கி, அதாவது ஊட்டியின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட், எட்டுக் கோடி ஆண்டு நமுத்திருக்கும். ஊட்டி மூடுபனியில் திறந்த தட்டில் கிடக்கும் வர்க்கி ஒரு சாயங்காலமே தாங்காது.

இடத்தேர்விலும் கவனம் வேண்டும். தாவரவியல் பூங்காவின் கல்மரத்தைக் காட்டி, "அவங்க முதுகு சொறிஞ்ச மரம்" என்று அளக்காதீர்கள். அதன் வயது 2 கோடி ஆண்டு. டைனோசர்கள் போய் நாலரைக் கோடி ஆண்டு கழித்து முளைத்த மரம் அது. அதே பூங்காவின் மங்கி பசில் மரத்தடியில் இலை போடலாம். அதன் அரௌகேரியா குடும்பம் ஜுராசிக் காலத்திலேயே இருந்தது.

இனி முக்கியமான விஷயம்: டி. ரெக்ஸும் டீயும். உடம்பு 12 மீட்டர், கை சுமார் ஒரு மீட்டர், அதில் விரல் இரண்டு. கிளாஸைப் பிடித்துவிடுவார், வாய்க்குத்தான் எட்டாது. ஆகவே கிளாஸ் வேண்டாம், அண்டா வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் டிகாக்‌ஷனைக் கூடுதலாக இரண்டு நிமிடம் விடுங்கள். வர்க்கியை அவரே நனைத்துக்கொள்ளட்டும் என்று விடுவது பெரிய தவறு. மடித்து மடித்துத் தேய்த்த மாவு, அடுக்குக்கு அடுக்கு டீயைக் குடிக்கும். இரண்டு விநாடிக்கு மேல் போனால் பாதி அண்டாவுக்குள் விழுந்து கூழாகிவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்கு இந்தக் கதி வரக் கூடாது. நனைக்காமல் கொடுப்பதும் சரியில்லை. ரம்பம் போல் விளிம்புள்ள சுமார் 60 பற்களிலும் தூள் ஏறிக்கொள்ளும், குச்சி கொண்டு போகிறவர் கை திரும்பி வராது.

நீள்கழுத்தர்களுக்கு முறுக்கு கொடுக்காதீர்கள். அவர்கள் மெல்லும் சாதி இல்லை, இலையை உருவி அப்படியே விழுங்குபவர்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால் நொறுக்கி, மோரில் ஊறவைத்துக் கொடுங்கள். கல்லாகிப்போன பழைய மைசூர்பாகு இரைப்பையில் அரைக்க உதவும் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. நீள்கழுத்தர்கள் கல்லை வைத்து இரை அரைத்தார்கள் என்ற கருத்தே இப்போது செல்வாக்கிழந்துவிட்டது, மைசூர்பாகை வேறு யாரிடமாவது தள்ளுங்கள். மிக்சருக்குத் தகுந்த ஆள் எட்மொன்டோசரஸ்: நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக, உரல் வேலைக்கென்றே பிறந்த வாய். வாத்து அலகு என்பதால் கடலையை மட்டும் பொறுக்கவும் முடியாது. வீட்டில் மற்றவர்களுக்கு நிம்மதி.

மிளகாய் பஜ்ஜியில் காரம் குறைக்கத் தேவையில்லை. பறவைகள் டைனோசர் வழி வந்தவை, அவற்றுக்கு மிளகாயின் காரம் உறைப்பதே இல்லை. மூதாதையருக்கும் அப்படியே இருந்திருக்கலாம் என்பது பந்திக் கணக்கு, மிளகாயைத்தான் அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை. டீக்கடைக் கூரையில் காத்திருக்கும் காக்கையும் அதே வம்சம்தான். பஜ்ஜி பறிபோனால் புகார் சொல்ல இடமில்லை.

கடைசியாக, சிப்ஸ் பாக்கெட். சமவெளியில் அடைத்தது மேலே வந்ததும் உப்பிக்கொள்ளும். ஊட்டியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான், உள்ளே அடைபட்ட காற்றோ வெளியே தள்ளுகிறது. கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஓவிராப்டர் வகையறா பக்கத்தில் வைக்கவும் கூடாது. முட்டைகள்மேல் உட்கார்ந்தபடியே புதைபடிவமான கூட்டம் அது, உப்பலாக எது கண்டாலும் அடைகாக்கக் கிளம்பிவிடும். பாக்கெட் ஓரத்தில் ஊசியால் ஒரு துளை போட்டால் வீக்கம் அடங்கும். ஆனால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும், மறுநாள் சிப்ஸ் வர்க்கியைவிட மோசமாக நமுத்திருக்கும்.