எஸ்.பி.ஏ-15 தூள் பழுப்பாக வருகிறதா? உலையின் வேகத்தைப் பாருங்கள்

எஸ்.பி.ஏ-15 என்பது நுண்துளைகள் நிறைந்த ஒரு சிலிக்கா. எம்.எஸ்சி. புராஜெக்டில் நான் செய்த முதல் இரண்டு எஸ்.பி.ஏ-15 தூள்களும் உலையிலிருந்து பழுப்பாகத்தான் வந்தன. மூன்றாவது வெள்ளை வெளேரென்று கிடைத்தது. அந்த வித்தியாசம் எங்கே வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்தச் சிலிக்கா 1998-இல் சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. பெயரில் உள்ள எஸ்.பி. அந்த ஊர்தான். அளவுகள்: பி123 (துளைகளுக்கு அச்சாக நிற்கும் பாலிமர்) 4 கிராம், தண்ணீர் 30 கிராம், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 120 கிராம், டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் (சிலிக்கா இதிலிருந்துதான் வருகிறது) 8.5 கிராம்.

முதலில் பி123. பிசுபிசுவென்று ஒட்டும் பசை இது. தாளில் நிறுத்தால் அளவு போய்விடும். கலக்கப்போகும் பாட்டிலையே தராசில் வைத்து, நேராக அதிலேயே இட்டு எடை பாருங்கள். கரைவதற்குச் சூடேற்ற வேண்டாம். சூட்டில் இது தண்ணீரோடு சேரத் தயங்கும், அறை வெப்பத்தில் பொறுமையாகக் கலக்கினால் போதும்.

அப்புறம் அமிலம் சேர்த்து 35 டிகிரிக்குக் கொண்டுவந்து, கலக்கிக்கொண்டே சிலிகேட்டை ஊற்றுங்கள். 20 மணி நேரம் அப்படியே ஓடட்டும். ஹாட்பிளேட்டின் எண்ணை நம்பாமல், தெர்மாமீட்டரைக் கரைசலுக்குள்ளேயே வையுங்கள். எனக்கு வாட்டர் பாத்தான் பிடிக்கும், சூடு ஏறி இறங்காது. பிறகு மூடிய பாலிப்ரொப்பிலீன் பாட்டிலில், கலக்காமல், 80 டிகிரியில் ஓர் இரவு. இந்தச் சூட்டைக் கூட்டினால் துளை பெரிதாகும். வடிகட்டி, கழுவி, உலர்த்துங்கள்.

இனி கால்சினேஷன், அதாவது உலையில் சுடுவது. துளைகளுக்குள் இன்னும் பி123 அடைத்துக்கொண்டிருக்கிறது; அதை எரித்து வெளியேற்ற வேண்டும். நான் ஆழமான மூசையை நிரப்பி, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 550-க்கு ஏற்றினேன். டி.ஜி.ஏ. (சூடேற்றிக்கொண்டே எடை குறைவதை அளக்கும் கருவி) வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. 100 டிகிரியை ஒட்டி ஈரம் போகிறது. 150-லிருந்து 300-க்குள் பி123-இன் பெரும்பகுதி சிதைகிறது, எடை அங்கே செங்குத்தாக இறங்குகிறது. அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் உள்ளே போதிய காற்று சேர்வதில்லை, பாலிமர் முழுதாக எரியாமல் கரியாகத் தங்கிவிடுகிறது.

அதனால் நிமிடத்துக்கு 1 டிகிரி. 30-லிருந்து 550-க்குப் போக 8 மணி 40 நிமிடம் ஆகும், அங்கே இன்னும் 6 மணி நேரம். மாலையில் வைத்தால் மறுநாள் ஆறியபின் எடுக்கலாம். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். காற்று உள்ளே போகும் வழி திறந்திருக்கட்டும்.

சரியாக எரிந்ததா என்று எடையிலேயே தெரிந்துகொள்ளலாம். 8.5 கிராம் சிலிகேட்டிலிருந்து அதிகபட்சம் 2.45 கிராம் சிலிக்காதான் வரும். அதைத் தாண்டினால் கரியோ ஈரமோ இருக்கிறது.

இது எவ்வளவு சூடு தாங்கும்? இதேபோன்ற இன்னொரு துளைச் சிலிக்காவான எம்.சி.எம்-41-இல், துளைகளுக்கு இடையிலுள்ள சுவர் ஏறக்குறைய 1 நானோமீட்டர், எஸ்.பி.ஏ-15-க்கு 3 முதல் 6 வரை. அந்தத் தடிமன்தான் இதைக் காப்பாற்றுகிறது. ஆனாலும் சூடு ஏற ஏற, சுவரிலுள்ள சிலனால்கள் (சிலிக்கானோடு ஒட்டிய OH தொகுதிகள்) ஒன்றோடொன்று இணைந்து தண்ணீரை வெளியேற்றும், துளையும் சுருங்கும். 550 போதுமென்றிருக்க 700-க்குப் போகாதீர்கள்.

சேர்த்தது: கால்சினேஷன் முடிந்த தூளிலும் டி.ஜி.ஏ. 100 டிகிரிக்குக் கீழே எடை இழப்பைக் காட்டுகிறது, பி123 மிச்சமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். இல்லை, அது காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரம். கருவியிலேயே 120 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி, எடை அசையாமல் நின்றபிறகு மேலே ஏற்றுங்கள். 150-க்கு மேல் மறுபடி செங்குத்தாக விழுந்தால் மட்டும் தூளைத் திரும்ப உலையில் வையுங்கள்.