விசில் கேட்டால் வானத்தைப் பாருங்கள்

இத்தாலியின் கிரான் பரதீசோ தேசியப் பூங்காவில் நடக்கும்போது கூரான விசில் சத்தம் கேட்டால், அங்கேயே நின்று முதலில் வானத்தைப் பாருங்கள், அப்புறம் புல்வெளியை. பொன்னிறக் கழுகைத் தேடிப் பைனாகுலரை வைத்துக்கொண்டு மலை முழுக்கத் துழாவும் நேரம் மிச்சமாகும்.

விசிலடிப்பது மர்மோட். அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் பூனை அளவுக்குக் கொழுத்திருக்கும். வளை தோண்டிக் கூட்டமாக வாழும். கோடையில் பொன்னிறக் கழுகுக்கு இதுதான் முக்கிய இரை என்பதால், மேயும்போதும் அடிக்கடி பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்துக்கொள்ளும். நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே கழுகு அதன் கண்ணில் பட்டுவிடும். ஒரே ஒரு விசிலோடு எல்லாம் வளைக்குள் பாய்ந்தால் பெரும்பாலும் கழுகுதான். விட்டுவிட்டுத் தொடர்ந்தால் நரியாகவோ மனிதராகவோ இருக்கலாம். இது கறாரான விதி இல்லை, நல்ல துப்பு, அவ்வளவுதான்.

வளைக்குப் பக்கத்தில் நீங்களே நின்றால் விசில் உங்களுக்குத்தான், சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மர்மோட் குளிர்கால உறக்கத்தில் இருக்கும், அப்போது இந்த வழி உதவாது. ஐபெக்ஸ் காட்டாட்டைத் தேடுவோருக்கும் இந்த விசில் உதவாது. 1922-இல் இந்தப் பூங்கா உருவானதே அதைக் காக்கத்தான். வெயில் ஏறினால் அது உயரத்துக்குப் போய்விடும் என்பதால், 2,732 மீட்டரில் இருக்கும் விட்டோரியோ இமானுவேலே மலைக்குடிலைச் சுற்றி அதிகாலையிலோ மாலையிலோ பாருங்கள்.