டிசிஎஃப்டிஏ டை போடுகிறவர்களுக்கு

செல்லுக்குள் ஆர்ஓஎஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் பொருள்கள்) பார்க்க வேண்டும் என்று லேபுக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது டிசிஎஃப்டிஏதான், ஆக்சிஜனேற்றம் ஆனால் பச்சையாக ஒளிரும் டை. விலை கம்மி, பிளேட் ரீடர் இருந்தால் போதும், எப்படியும் பச்சை வந்துவிடும். அந்த "எப்படியும்" என்பதில்தான் சிக்கலே.

முதலில் பாட்டில் லேபிளைப் பாருங்கள். மூலக்கூறு எடை 487.29 என்று இருக்க வேண்டும். 485.27 என்றால் அது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆன டை. ஆர்ஓஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லுக்குள் போனதும் ஒளிரும். சரியான டையில் செல்லின் எஸ்டரேஸ் என்சைம்கள் டையில் ஒட்டியிருக்கும் அசிட்டேட்டை வெட்டிய பிறகும் ஒளி வராது. ஆக்சிஜனேற்றம் நடந்தால்தான் வரும். 488 நானோமீட்டரில் தூண்டி, 525 வாக்கில் படிக்கலாம்.

4.87 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக் (செறிவான மூலக் கரைசல்). கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஃபாயில் சுற்றி, மைனஸ் 20-இல் வையுங்கள். மஞ்சள் தட்டிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

செல்களைக் கறுப்பு 96 குழி பிளேட்டில் வளர்த்து, மீடியாவை எடுத்துவிட்டுக் கழுவுங்கள். சீரமும் ஃபீனால் ரெட் நிறமியும் இல்லாத மீடியாவில் 10 மைக்ரோமோலார் டை, 37 டிகிரி, இருட்டில் 30 நிமிடம். சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு. அசிட்டேட் வெளியிலேயே வெட்டுப்பட்டால் டை சரியாக உள்ளே போகாது. பிறகு இரண்டு முறை கழுவி, சோதிக்கிற மருந்தைச் சேர்த்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை படியுங்கள். சும்மா சும்மா படிக்காதீர்கள், ரீடரின் வெளிச்சமே டையை ஆக்சிஜனேற்றம் செய்யும்.

கண்ட்ரோல்களில்தான் பெரும்பாலானோர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். டை போடாத செல், செல் இல்லாமல் டையும் மருந்தும், ஒளி கூட வேண்டிய கண்ட்ரோலாக 100 மைக்ரோமோலார் டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு கொடுத்த செல், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீனை முன்கூட்டியே 5 மில்லிமோலார் கொடுத்த செல்: நாலும் அதே பிளேட்டில் இருக்கட்டும். செடிச் சாறு வைத்து வேலை செய்கிறவர்கள் செல் இல்லாத குழியை விடவே கூடாது. குர்குமின் மாதிரி சில பொருள்கள் தாமே பச்சையாக ஒளிரும்.

எழுதும்போது "ஹைட்ரஜன் பெராக்சைடு கூடியது" என்று எழுதாதீர்கள். பெராக்சைடு தனியாக இந்த டையை அவ்வளவாகத் தொடாது. இரும்போ, பெராக்சிடேஸ் என்சைமோ, சைட்டோகுரோம் சி என்ற புரதமோ துணைக்கு வேண்டும். செல் சாகும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சைட்டோகுரோம் சியாலும் பச்சை கூடும். "டிசிஎஃப் ஒளி கூடியது" என்பதே நேர்மை; டிசிஎஃப் என்பது ஆக்சிஜனேற்றம் ஆகி ஒளிரும் டை.

தண்ணீரில் பெராக்சைடு அளக்க இது வேண்டாம், அங்கே எஸ்டரேஸ் கிடையாது. ஆம்ப்ளெக்ஸ் ரெட் என்ற வேறொரு டையுடன் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்சைம் சேர்த்தால், ஒரு பெராக்சைடு மூலக்கூறுக்கு ரெசோரூஃபின் என்ற ஒளிரும் மூலக்கூறு ஒன்று வரும். 560-இல் தூண்டி 590-இல் படியுங்கள். ஸ்டாண்டர்டுக்கு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலுக்கு) 30 சதவீத பெராக்சைடு பாட்டிலின் லேபிளை நம்ப வேண்டாம், திறந்து வைத்தது குறைந்துகொண்டே வரும். நீர்க்கச் செய்து 240 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல்) பார்த்து, 43.6-ஆல் வகுத்தால் மோலார் கணக்கு கிடைக்கும். அன்றன்றைக்குக் காலையில் புதிதாகப் போடுங்கள்.