அமெரிக்க ராணுவத்துல இருக்கீங்களா? பிராண்டன் ஆக்ட்ட வெச்சு மனநல உதவி கேக்கறது எப்படி

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இத படிக்கிற நேரத்துல உயிரோட இருக்கணுமான்னே தோணுதுன்னா கீழ இருக்கற எதையும் படிக்க வேணாம், போன எடுத்து நெருக்கடி உதவி லைன் 988 அடிச்சு 1 அமுக்குங்க. பேச முடியலன்னா 838255க்கு டெக்ஸ்ட் பண்ணுங்க. ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பாங்க, சர்வீஸ்ல இருக்கறவங்க, வெளிய வந்தவங்க, வீட்டு ஆளுங்க யார் வேணா கூப்பிடலாம்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். யூனிஃபார்ம் போட்டவங்க உதவி கேக்கத் தயங்கறதுக்கு ஒரு பெரிய காரணம் பயம்தான். சார்ஜென்ட் என்ன நினைப்பாரு, ஏன்னு கேட்டா என்ன சொல்றது, ரெக்கார்டுல ஏறிடுமா, கிளியரன்ஸ் (ரகசிய விஷயங்கள பாக்கறதுக்கான அனுமதி) போயிடுமான்னு யோசிச்சு யோசிச்சே நாள் ஓடிடும். இந்த பயத்துக்கு நேரா பதில் சொல்ற சட்டம்தான் பிராண்டன் ஆக்ட். பிராண்டன் கசெர்ட்டான்னு 21 வயசு நேவி பையன், 2018 ஜூன்ல நார்ஃபோக் கடற்படை தளத்துல தற்கொலையால இறந்துட்டாரு. அவரோட அம்மா அப்பா விடாம காங்கிரஸ் கதவ தட்டித் தட்டி, கடைசில 2021 டிசம்பர்ல கையெழுத்தான, வருஷா வருஷம் போடற பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள இது வந்துச்சு. பென்டகன் இத நடைமுறைப்படுத்தற உத்தரவு போட்டது 2023 மே மாசம். பெத்தவங்க அத்தன வருஷம் அலைஞ்சு வாங்கிக் குடுத்த உரிமை இது, தெரியாமயே விட்றாதீங்க.

இதுல இருக்கற முக்கியமான விஷயம், காரணம் சொல்லணும்னு அவசியமே இல்ல. எந்த காரணத்துக்காகவும், எந்த நேரத்துலயும், எந்த இடத்துல இருந்தாலும் மனநல எவால்யுவேஷனுக்கு (டாக்டர் பரிசோதனைக்கு) ரெஃபரல் கேக்கலாம், அதாவது அங்க அனுப்பச் சொல்லி கேக்கலாம். யார்கிட்ட கேக்கணும்னா உங்க கமாண்டர்கிட்ட, இல்லன்னா ஈ-5ங்கற ரேங்குக்கு மேல இருக்கற உங்க சூப்பர்வைசர்கிட்ட, அதாவது ஈ-6லேர்ந்து மேல. கூட இருக்கற ஈ-4 ஃப்ரெண்ட்கிட்ட சொன்னா மனசுக்கு ஆறுதலா இருக்கும், அதையும் செய்ங்க, ஆனா சட்டப்படி அது ரிக்வெஸ்ட் ஆகாது.

எப்படி கேக்கறதுன்னு பலருக்கு வாயே வராது, அதனால வார்த்தைய முன்னாடியே ரெடி பண்ணி வெச்சுக்கோங்க. ஃபார்மேஷன் நடுவுல எல்லார் முன்னாடியும் வேணாம், கொஞ்சம் தனியா கிடைக்கற நேரமா பாத்து, "சார்ஜென்ட், ஐ ஆம் ரிக்வெஸ்டிங் எ மென்டல் ஹெல்த் எவால்யுவேஷன் அண்டர் தி பிராண்டன் ஆக்ட்", அவ்ளோதான். "ஏன், என்னாச்சு"ன்னு அக்கறையில கேட்டாலும் "நான் டாக்டர்கிட்ட பேசிக்கறேன்"னு சொல்லி நிறுத்திக்கலாம். கதை சொல்லி அவங்கள நம்ப வைக்க வேண்டிய வேலை உங்களுது இல்ல. கேட்ட உடனே எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் ரெஃபரல் போட வேண்டியது அவங்க கடமை. என்னைக்கு, எத்தன மணிக்கு, எந்த கிளினிக்னு கேட்டு வாங்கிக்கோங்க. நேர்ல கேட்டதுக்கு அப்பறம் "இன்னைக்கு காலைல உங்ககிட்ட கேட்டேன், அப்பாயின்ட்மென்ட் விவரம் அனுப்புங்க"ன்னு ஒரு வரி மெயிலும் போட்டு வெச்சீங்கன்னா பின்னால யாராவது "என்கிட்ட கேக்கவே இல்லயே"ன்னு சொன்னா கையில ஆதாரம் இருக்கும்.

அடுத்த கேள்வி, டாக்டர்கிட்ட சொன்னதெல்லாம் கமாண்டருக்கு போகுமா? எல்லாம் போகாது. உங்க உயிருக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்து, மிஷன பாதிக்கற அளவு நிலைமை, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகறது, போதைப் பழக்கத்துக்கு முறையான சிகிச்சை, இந்த மாதிரி குறிப்பிட்ட சில விஷயங்கள்லதான் டாக்டர் கமாண்டுக்கு சொல்லியாகணும், அப்பவும் தேவையான அளவு மட்டும்தான் சொல்லணும், நீங்க அழுததும் வீட்டுச் சண்டையும் அந்த ரிப்போர்ட்டுல போகறதுக்கு வேலை இல்ல. இதுகூட ஒத்துவரலன்னா சாப்ளின், அதாவது ராணுவத்துல இருக்கற மதகுருகிட்ட போங்க, அவர்கிட்ட பேசறது முழு ரகசியம், உங்க அனுமதி இல்லாம வெளிய சொல்ல மாட்டாரு, அதுக்கு நீங்க எந்த மதமும் சார்ந்தவரா இருக்கணும்னு இல்ல. மிலிட்டரி ஒன்சோர்ஸ்ங்கற பென்டகனோட உதவி சேவைலயும் இலவச கவுன்சிலிங் இருக்கு, ஒரு பிரச்சனைக்கு 12 தடவை வரைக்கும். வேலை டென்ஷன், டிவோர்ஸ், துக்கம் மாதிரி விஷயங்களுக்கு அது நல்லது, தற்கொலை எண்ணம் இருக்குன்னா அங்க நிக்காம நேரா கிளினிக்குதான்.

கிளியரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. கவுன்சிலிங் போனாங்கற ஒரே காரணத்த வெச்சு உங்களப் பத்தி தப்பா முடிவு பண்ணக்கூடாதுன்னு கிளியரன்ஸ் விதிகள்லயே இருக்கு. கிளியரன்ஸ் போயிடும்னு பயந்து சிகிச்சைய தள்ளிப்போடாதீங்க.

யூனிட்ல இழுத்தடிச்சா காத்திருக்க வேணாம், பிராண்டன் ஆக்ட் இல்லாமலேயே நேரா மனநல கிளினிக்குக்கோ எமர்ஜென்சிக்கோ நீங்களே போகலாம். அப்பறம் புகார விசாரிக்கற இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கோ உங்க காங்கிரஸ் உறுப்பினருக்கோ எழுதுங்க, அத யாரும் தடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதே மாதிரி, புகார் குடுத்ததுக்கு பழிவாங்கறதுக்காக ஒருத்தர மனநல டெஸ்டுக்கு அனுப்பறதும் தப்பு.

வருஷா வருஷம் ஒரு மனநல செக்கப் நடக்கும், அதையும் சும்மா கடந்து போகாதீங்க. இண்டியானா மாநிலத்தோட நேஷனல் கார்டுங்கற பகுதி நேரப் படையில இருந்த ஜேக்கப் செக்ஸ்டன் பேர்ல 2014ல வந்த சட்டம், ரிசர்வ், கார்டு எல்லாருக்கும் சேத்து இத கட்டாயமாக்குச்சு. சீக்கிரம் முடிச்சுட்டு கிளம்பணும்னு எல்லாத்துக்கும் "இல்ல"ன்னு டிக் பண்றவங்கதான் அதிகம்னு நினைக்கிறேன். தூக்கம் வரலங்கற ஒரு கேள்விக்காவது உண்மைய சொல்லுங்க, பேச்சு அங்கேர்ந்து ஆரம்பிக்கும்.

வீட்டுல இருக்கறவங்களுக்கு: போன்ல குரல் மாறி இருக்கு, எல்லாருக்கும் பாரமா இருக்கேன்னு சொல்றாங்க, பொருளையெல்லாம் தூக்கி குடுக்கறாங்கன்னா சுத்தி வளைக்காம "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா"ன்னு நேரா கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயம் வேணாம், அப்படி ஆகாது. டாக்டர் உங்ககிட்ட விவரம் சொல்லாம போகலாம், ஆனா நீங்க யூனிட்டுக்கோ டாக்டருக்கோ சொல்றத எதுவும் தடுக்கல. வீட்டுல துப்பாக்கி இருந்தா இந்த கஷ்டமான காலம் போற வரைக்கும் அது கைக்கு எட்டாத இடத்துல இருக்கட்டும், தளத்து ஆர்மரில (ஆயுதக் கிடங்குல) வாங்கி வெச்சுப்பாங்களான்னு கேளுங்க. இந்த ஒரு வேலை நிஜமாவே உயிர காப்பாத்தும். ஆபத்துல இருக்கார்னு தோணினா சொந்த துப்பாக்கி பத்தி கமாண்டர் கேக்கறதுக்கும் 2013க்கான பாதுகாப்புச் சட்டம் இடம் குடுத்திருக்கு.

சர்வீஸ்லேர்ந்து வெளிய வந்தவங்களுக்கு காம்பாக்ட் ஆக்ட்னு வேற சட்டம். 2023 ஜனவரி 17லேர்ந்து, தகுதி இருக்கற முன்னாள் வீரர்கள் தற்கொலை நெருக்கடில எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கும் போகலாம், விஏ (முன்னாள் வீரர் நலத்துறை) ஆஸ்பத்திரியா இருக்கணும்னு இல்ல, விஏல பதிவு பண்ணியிருக்கணும்னும் இல்ல. உள்நோயாளியா 30 நாள் வரைக்கும், வெளிநோயாளியா 90 நாள் வரைக்கும் செலவ விஏ ஏத்துக்கும். வெளி ஆஸ்பத்திரின்னா கவுன்டர்லயே "நான் வெட்டரன், விஏக்கு 72 மணி நேரத்துக்குள்ள தகவல் குடுங்க"ன்னு சொல்லிடுங்க, கூட வந்தவங்க இத சொன்னாலும் போதும்.