வன்னியில இருந்துகொண்டு யூனிவர்சிட்டி வேலை எடுக்கிறது எப்பிடி

யூனிவர்சிட்டி வேலை எண்டா லெக்சரர் மட்டும்தான் எண்டு நினைச்சு கனபேர் அந்தப் பக்கமே பாக்கிறேல்ல. லேப் அற்றென்டன்ட், டெக்னிக்கல் ஒபிசர், மனேஜ்மென்ட் அசிஸ்டன்ட், லைப்ரரி, ட்ரைவர், பிறகு ரிசேர்ச் அசிஸ்டன்ட் எண்டு எவ்வளவோ இருக்கு.

முதல்ல எங்க பாக்கிறது? கெசட்ட மட்டும் பாத்துக்கொண்டு இருந்தா காணாது, யூனிவர்சிட்டியின்ர வெப்சைட்டிலயும் பேப்பரிலயும் பாக்கோணும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாயம், எஞ்சினியரிங், டெக்னோலொஜி பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகர்லதான் இருக்கு, ஆனா விளம்பரம் யாழ்ப்பாணத்தின்ர பேரிலதான் வரும். வவுனியா பம்பைமடுவில இருக்கிறது முந்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வளாகம், 2021 ஆகஸ்டில தனி வவுனியாப் பல்கலைக்கழகமா மாறிட்டுது, அதால ரெண்டு வெப்சைட்டையும் தனித்தனியா பாருங்கோ.

நிரந்தர வேலைக்கு விளம்பரத்தில கேட்ட தகுதிய, ஓ.எல்லோ ஏ.எல்லோ என்.வி.கியூ எண்ட தொழில் தகைமைச் சான்றிதழோ, வரி விடாம வாசியுங்கோ. தபாலில கேட்டா ரெஜிஸ்டர் போஸ்ட்தான், என்வலப்பின்ர இடப்பக்க மேல்மூலையில பதவியின்ர பேர எழுதோணும். குளோசிங் டேற் எண்டா கடிதம் அங்க போய்ச் சேரவேண்டிய நாள், ஒட்டுசுட்டான்ல இருந்து முதல்நாள் போட்டிட்டு கடவுளே எண்டு இருக்கேலாது. ஏற்கனவே அரசாங்க வேலையில இருக்கிற ஆக்கள் தங்கட திணைக்களத் தலைவருக்கூடாக அனுப்போணும். எடுத்துத்தாறன் எண்டு காசு கேக்கிறவையோட கதையே வேண்டாம்.

ரிசேர்ச் அசிஸ்டன்ட் வேற மாதிரி. லெக்சரர் ஒருத்தருக்கு புரொஜெக்ட் காசு கிடைச்சா, அந்தக் காசிலதான் ஆள் எடுப்பினம், புரொஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. இதுக்கும் விளம்பரம் போடுவினம், ஆனா சின்னதா வந்து கெதியா முடிஞ்சிடும், அதால டிகிரி முடிச்ச பெடியள் பெட்டையள் டிப்பாட்மென்ட் பக்கத்தில ஆர் என்ன ஆராய்ச்சி செய்யினம் எண்டு பாத்து நேரா ஈமெயில் போடுறது நல்லம். "சேர் ஏதும் வேலை இருக்கோ" எண்டு மட்டும் எழுதினா ஆரும் பதில் போடமாட்டினம். "உங்கட மண் உவர்த்தன்மை ஆராய்ச்சிய பாத்தன், நான் விவசாயம் படிச்சனான், பூநகரிப் பக்கம் எனக்குத் தெரியும், மோட்டசைக்கிள் லைசன்ஸ் இருக்கு" எண்டு நாலு வரி காணும், படிப்பு, அனுபவ விபரம் இருக்கிற சி.வி.யையும் இணைச்சு விடுங்கோ.

அந்த மோட்டசைக்கிள் வரிய சும்மா எண்டு நினைக்காதேங்கோ. இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் வயலா மண் சாம்பிள் எடுத்து, பைக்குள்ள போட்டு, இடமும் திகதியும் எழுதி ஒட்டி, வெயில்ல நிண்டு கமக்காரரோட கதைச்சு போம் நிரப்பிறதுதான் பாதி வேலை, அது ஊர்ப்பிள்ளையளுக்குத்தான் வடிவா வரும். அதோட எக்செல்லும் கொஞ்சம் பழகி வையுங்கோ.

இன்டவியூவில கூச்சப்படாம கேளுங்கோ: கொன்ட்ராக்ட் எத்தின மாசம், பீல்டுக்குப் போற பெற்றோல் காசு ஆர் தாறது, ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கோ, இந்த ஆராய்ச்சியையே வச்சு எம்.பில் எண்ட ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதியேலுமோ. எம்.பில் பதிய விடுவினம் எண்டா சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் நான் எண்டா அதைத்தான் எடுப்பன்.